நான் எழுதிய பத்து யோசனைகள்

3 ஜூன் 2002, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து இன்று கல்லூரி திறந்தது. செங்கல்பட்டிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஸ்டாஃப் வேனை நிறுத்திவிட்டார்கள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறி, மாமல்லபுரம் ரோட்டில் இறங்கி, ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடை. போய்ச் சேரும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

நூலகத்துக்குள் நுழைந்தால் பாதி இருட்டு. இருபத்துநான்கு டியூப் லைட்டில் ஒன்று விட்டு ஒன்று எரியவில்லை. ஃப்யூஸ் போய்விட்டதா என்று கேட்டேன்.

"ஃப்யூஸெல்லாம் நல்லாத்தான் கீது சார். ஏ.ஓ. சாரு எலெக்ட்ரீசியன இட்டாந்து ஸ்டார்ட்டர புடுங்கினு பூட்டாரு" என்றார் என் உதவியாளர் ஏசுபாதம்.

ஏ.ஓ. என்றால் நிர்வாக அதிகாரி ஹரிஹரன். ஏதோ வங்கியில் ஓய்வு பெற்று, மார்ச் மாதம் வந்து சேர்ந்தவர். பன்னிரண்டு ஸ்டார்ட்டரையும் பிஸ்கட் டின்னில் போட்டுத் தன் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாராம். நாங்கள் திருட்டுத்தனமாக மாட்டிவிடக் கூடாதே! இப்போது சிவில் அலமாரிக்கு வெளிச்சம் உண்டு, மெக்கானிக்கலுக்குக் கிடையாது. மெக்கானிக்கல் பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்?

போன வருஷம் பாதி சீட் காலி. இந்த வருஷம் இன்னும் மோசமாகும் என்கிறார்கள். கல்லூரிக்குக் கஷ்டம், புரிகிறது. ஆனால் பன்னிரண்டு ஸ்டார்ட்டரிலா மீளப் போகிறோம்?

7 ஜூன், வெள்ளி

தேதி முத்திரையில் 2001-க்கு மேல் ஆண்டு இல்லை. கல்லூரி ஆரம்பித்தபோது வாங்கியது. ரப்பர் பட்டை 1990-ல் தொடங்கி 2001-ல் முடிந்துவிடுகிறது. ஜனவரியிலேயே புதியது கேட்டு எழுதியிருந்தேன். இன்றுதான் பதில் வந்தது. "2001 என்றே குத்தி, கடைசி எண்ணைப் பேனாவால் 2 ஆகத் திருத்திக்கொள்ளவும்."

பேனா மாதத்துக்கு ஒன்று. காலியான ரீஃபிலைக் காட்டினால்தான் அடுத்தது.

18 ஜூன், செவ்வாய்

நூலகத்துக்கு வந்த எட்டு செய்தித்தாளும் நின்றுபோயின. பதிலாக, ஹரிஹரன் வீட்டில் வாங்கும் பேப்பரை மறுநாள் அவரே கொண்டுவந்து தருகிறார். குறுக்கெழுத்து முழுக்க நிரப்பியிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் அவர் மனைவி ஏதோ கூப்பனைக் கத்தரித்திருக்கிறார்கள். அதன் பின்னால் இருந்த கட்டுரை ஓட்டையாகி நிற்கிறது. அதைக் குச்சியில் மாட்டி வைக்கிறோம், ஒரு கல்லூரி நூலகத்தில்.

11 ஜூலை, வியாழன்

இன்று ஒரு பெண் அழுதாள். பிரதீபா, இரண்டாம் ஆண்டு, செய்யூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் புத்தகத்தின் தேதிச் சீட்டில் ஒரு இடத்தில் நான் 1-ஐ 2 ஆக்க மறந்திருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு வருஷத் தாமதக் கட்டணம் போட்டுவிட்டார்கள்.

"சார், போன ஜூலையில நான் இந்தக் காலேஜ்லயே இல்ல சார். ப்ளஸ் டூ முடிச்சுட்டு வீட்ல இருந்தேன்."

நானே போய்ச் சண்டை போட்டு ரத்து செய்ய வைத்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. ஹரிஹரன் கடைசியில் சொன்னது: "இனிமே திருத்தறப்போ கவனமா திருத்துங்க மிஸ்டர் கோபாலகிருஷ்ணன்." நான் கவனமில்லாதவன் என்று முடித்துவிட்டார்!

24 ஜூலை, புதன்

புதிய விதி: ஒரு மின்விசிறி ஓட வேண்டுமானால் அதன் கீழ் குறைந்தது நான்கு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று பேர் இருந்தால் எழுப்பி வேறு விசிறிக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிற வேலை ஏசுபாதத்துக்கு. அவர் காலையில் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று பேர் இருக்கும் மேஜையில் நான்காவதாகத் தானே போய் உட்கார்ந்துகொள்கிறார், கையில் பழைய அட்டையும் கோந்தும் வைத்துக்கொண்டு. "நானும் ஒரு ஆளுதான சார்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பதினோரு வருஷமாக நானும் அவரும்தான் இந்த நூலகம். அதற்கு முன் சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். தோள்பட்டை நழுவி, அது சரியாகச் சேரவில்லை; வலை இழுக்க முடியாது. யாரோ சொல்லி இங்கே வந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் என்று என் அட்டைப் பெட்டியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

5 ஆகஸ்ட், திங்கள்

சுற்றறிக்கை. ஒவ்வொரு துறையும் சிக்கனத்துக்குக் குறைந்தது பத்து யோசனைகள் எழுத்து மூலம் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். தாளின் இருபுறமும் எழுத வேண்டும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பத்தா? தருகிறேன்.

7 ஆகஸ்ட், புதன்

எழுதிவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒன்றை ரசித்து எழுதினேன். ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு, அலுவல் பாஷை துளியும் குறையாமல். சாரம் இதுதான்:

புத்தகங்கள் கிழிவது படிக்கப்படுவதால். ஆகவே புத்தகம் கொடுப்பதை நிறுத்தினால் பைண்டிங் செலவே இராது. அலமாரிகளுக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினால் உள்ளே விளக்கும் வேண்டாம். மாணவர்கள் கதவுக்கு வெளியிலிருந்து முதுகுத் தலைப்புகளைப் பார்த்துப் பயனடையலாம். நின்றுகொண்டு படிப்பவர்கள் சீக்கிரம் படித்து முடிப்பதால் நாற்காலிகள் தேவையில்லை. புத்தகம் எடுக்கவும் அடுக்கவும் ஆளில்லாதபோது உதவியாளர் பணியிடமும் தேவையில்லை. இப்படிப் போய், பத்தாவது: நூலகரையும் உள்ளே வைத்துப் பூட்டினால் வாட்ச்மேன் மிச்சம்.

டைப்பிஸ்ட் லதா அடித்துக்கொண்டே சிரித்தாள். ஸ்டாஃப் ரூமில் இயற்பியல் உலகநாதன் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். மேஜையைத் தட்டினார்கள். மறைப்பானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கவரில் போட்டு ஏசுபாதத்திடம் கொடுத்தேன், பிரின்சிபால் ஆபீஸில் சேர்க்கச் சொல்லி.

"இன்னா சார் மேட்டரு? லைட்டு கேட்டுகிறீங்களா?"

"எல்லாம் நல்ல விஷயந்தான். போய்க் குடுங்க" என்றேன்.

வீட்டில் மனைவி ரோகிணிக்கு நகலைக் காட்டினேன். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவள். சிவப்பு மை பேனா கையில் இருப்பது போலவேதான் எதையும் படிப்பாள். சிரிக்கவில்லை. "இதைப் படிக்கப் போறவருக்கு இது கிண்டல்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாமல் என்ன? ஒரு மனிதனுக்கு இதுகூடவா தெரியாது?

26 ஆகஸ்ட், திங்கள்

பதில் இல்லை. கோபித்துக்கொண்டிருப்பார்கள். மெமோ வரும் என்று எதிர்பார்க்கிறேன். வந்தால் அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன்.

5 செப்டம்பர், வியாழன்

ஆசிரியர் தினம். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

எழுதும்போதே கை கூசுகிறது. மேடையில் சேர்மன், பிரின்சிபால் ராஜாராம், ஹரிஹரன். "அனைத்துத் துறைகளிலும் மிகச் சிறந்த சிக்கன யோசனைகளை வழங்கிய நூலகர்" என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். உலகநாதன்தான் பின்னாலிருந்து தள்ளினார். சேர்மன் கையைப் பிடித்துக் குலுக்கி, "இந்த மாதிரி பத்துப் பேர் இருந்தா போதும்" என்றார். அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டார் அந்த மனுஷர்.

பத்தில் ஐந்தை ஏற்றிருக்கிறார்களாம். எந்த ஐந்து என்று நாளை ஆர்டர் வரும். மேடையிலிருந்து இறங்கியதும் லதா வந்து மெதுவாகப் பொன்னாடையைத் திருப்பிக் கேட்டாள். அடுத்த விழாவுக்கு வேண்டுமாம்.

6 செப்டம்பர், வெள்ளி

ஆர்டர். கம்பிக் கதவு. புத்தகம் கொடுப்பது நிறுத்தம். பூட்டிய பகுதியில் விளக்கு இல்லை. நாற்காலிகள் பாதி.

ஐந்தாவது – உதவியாளர் ஏசுபாதம், செப்டம்பர் 30 மாலையோடு விடுவிக்கப்படுகிறார். "நூலகரின் பரிந்துரைப்படி."

பரிந்துரையா? நான் எப்போடா பரிந்துரைச்சேன்? கடவுளே, நான் சும்மா ஒரு –

9 செப்டம்பர், திங்கள்

ஹரிஹரனைப் போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டே சொன்னேன், அவர் அறையிலும் இப்போது ஒரே நாற்காலிதான்.

"சார், அந்த லெட்டர் கிண்டலுக்கு எழுதினது. யாரும் நிஜமா எடுத்துப்பாங்கன்னு நெனைக்கல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சேர்மன் வரிக்கு வரி படிச்சு, பச்சை மையில டிக் அடிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கார். இப்ப நீங்க என்ன சொல்றீங்க? சேர்மனுக்குப் புரியலேன்னா?"

பின்பக்கம் காலியான ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"அப்படி எழுதிக் குடுத்தீங்கன்னா நான் ஃபார்வர்ட் பண்றேன். உங்களுக்கு எதிரா ஆக்‌ஷன் எடுக்க வேண்டி வரும். எழுதித் தர்றீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வந்துவிட்டேன். யோசிச்சுச் சொல்றேனாம்! அவர் பேசியதில் ஒரு ஓட்டைகூட இல்லை. எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, நாற்பத்தொரு வயது, வேறு எந்தக் கல்லூரியில் நூலகரை எடுக்கிறார்கள்? இதையெல்லாம் பஸ்ஸில் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

13 செப்டம்பர், வெள்ளி

ஏசுபாதம் வீட்டிலிருந்து வஞ்சிரம் துண்டு கொண்டுவந்து கொடுத்தார், வாழை இலையில் சுற்றி. அவர் மனைவி ஞானம்மாள் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்கள்.

"நீங்க ஏ.ஓ. ரூம்ல எனக்கோசரம் பேசினுகீறீங்கன்னு சொன்னாங்க சார். வூட்ல சொன்னேன். குட்த்தனுப்பிச்சா."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? வீட்டுக்கு வந்து ரோகிணியிடம் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் இலையைப் பிரிக்காமலே சமையல் மேடையில் வைத்துவிட்டாள். "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொல்றேன்."

17 செப்டம்பர், செவ்வாய்

சொல்லவில்லை.

20 செப்டம்பர், வெள்ளி

சொல்லவில்லை. கம்பிக் கதவு மாட்ட வந்தார்கள். வெல்டிங் ஆளுக்கு ஏணி பிடித்தது ஏசுபாதம்.

30 செப்டம்பர், திங்கள்

லதா சொல்லிவிட்டாள். கடைசி நாளாயிற்றே என்று கையெழுத்து வாங்கும்போது, அவர் "எதுக்கும்மா என்னை மட்டும்" என்று புலம்பியிருக்கிறார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஃபைலிலிருந்த என் கடிதத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

நாலு மணிக்கு வந்தார். சாவிக் கொத்தை மேஜை மேல் வைத்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை.

"நாந்தான சார் அத்த தூக்கினு போயி குட்த்தேன்."

"ஏசுபாதம், அது விளையாட்டுக்கு எழுதினது. சத்தியமா உங்க வேலை போகும்னு நான் –"

"வெளையாட்டுன்னு லதாம்மாவும் சொல்லிச்சு. ஸ்டாஃப் ரூம்புல எல்லாரும் சிரிச்சாங்களாமே. அன்னிக்கு நா வெளிய டீ டம்ளரு கழுவிகினு இருந்தேன். இன்னாத்துக்கு இப்டி சிரிக்கிறாங்கோன்னு எனக்கும் சிரிப்பா வந்துச்சு."

"நான் ஏ.ஓ.கிட்ட –"

"மொத நாளே சொல்லியிருந்தா, அது வெளையாட்டுன்னு சொல்ல நானே போயி சேர்மன் கார் முன்னாடி நின்னிருப்பேன் சார். இருவது நாளு கீது அதுக்கு. மீனக்கூட வாங்கிகினீங்க."

போய்விட்டார். செருப்பு போடுகிற சத்தம்கூடக் கேட்டது, அவ்வளவு அமைதி. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இருபது நாளும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவர் என் பையைத் தூக்கி வைத்தார், தண்ணீர் கொண்டுவந்தார்.

3 அக்டோபர், வியாழன்

தனியாக உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது யோசனை மட்டும் பாக்கி.

22 அக்டோபர், செவ்வாய்

பிரதீபா கம்பிக் கதவுக்கு வெளியே நின்று ஒரு தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நூத்து நாப்பத்தி ரெண்டாம் பக்கம் மட்டும் காட்றீங்களா? வெளிய குடுக்க வேணாம். நீங்களே புடிச்சுக்குங்க."

விதிப்படி புத்தகம் கொடுக்கக் கூடாது; காட்டக் கூடாது என்று விதி இல்லை. உள்ளே போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் விரித்துப் பிடித்துக்கொண்டேன். அவள் அந்தப் பக்கம் நின்று எழுதினாள். அரை மணி. கை கடுத்துவிட்டது. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க எண்.

ஹரிஹரன் அந்த வழியாகப் போனார். பார்த்தார். "குட், குட். புக் வெளியே போகலையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

14 நவம்பர், வியாழன்

மூன்று நாளாக நல்ல மழை. இன்று மெக்கானிக்கல் வரிசையில் ஏதோ நாற்றம் என்று டார்ச் அடித்துப் பார்த்தால், கூரை ஒழுகிக் கடைசி இரண்டு அலமாரி ஊறிப் போயிருக்கிறது. அறுபத்து மூன்று புத்தகங்கள். பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடித்து, பிரித்தால் கையோடு வருகிறது.

வருஷா வருஷம் அந்த இடம் ஒழுகும். முதல் மழைக்கே ஏசுபாதம் அலமாரியை இழுத்துவிட்டு, கீழே வாளி வைத்து, மேலே பிளாஸ்டிக் விரித்துவிடுவார். யாரும் அவரிடம் சொன்னதில்லை. நானும் கவனித்ததில்லை. அவர் என்ன வேலை செய்தார் என்று எனக்கே தெரியாமல்தான் அந்தப் பணியிடம் தேவையில்லை என்று எழுதியிருக்கிறேன், விளையாட்டுக்கு.

அறிக்கை கொடுத்தேன். பதில் உடனே வந்தது, இப்போதுதான் வேகம்: "சேதமடைந்தவற்றைக் காயவைத்து எடைக்குப் போடவும்."

10 டிசம்பர், செவ்வாய்

சதுரங்கப்பட்டினம் போனேன். கோட்டைக்குப் பக்கத்துத் தெரு. ஞானம்மாள் மட்டும் வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஏசுபாதம் ஒரு சவுக்குத் தோப்பில் காவலுக்குப் போகிறாராம், செய்யூர் பக்கம். வாரத்துக்கு ஒரு தரம் வருகிறார். தோள் வலி அதிகமாகியிருக்கிறது, தரையில் படுக்கிறாராம்.

"உக்காருங்கோ" என்றுகூடச் சொல்லவில்லை அவர்கள். சொல்லாததுதான் நியாயம். பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வரும்போது கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

20 ஜனவரி 2003, திங்கள்

பல்கலைக்கழக ஆய்வுக் குழு பிப்ரவரி 13-ம் தேதி வருகிறது. இணைப்பைப் புதுப்பித்தால்தான் அடுத்த வருஷம் மாணவர்களைச் சேர்க்க முடியும். கல்லூரியே தலைகீழாகிக் கிடக்கிறது.

ஹரிஹரன் பிஸ்கட் டின்னோடு நூலகத்துக்கு வந்தார். பன்னிரண்டு ஸ்டார்ட்டரையும் எண்ணிக் கொடுத்தார். கம்பிக் கதவைக் கழற்ற ஆள் வருகிறான். மாட்டிய அதே ஆள்.

28 ஜனவரி, செவ்வாய்

பணியாளர் பட்டியல் வந்தது, என் கையெழுத்துக்கு. நூலகர்: நான். நூலக உதவியாளர்: ஏசுபாதம், 1991 முதல் தொடர்ந்து பணியில்.

ஹரிஹரனிடம் போனேன்.

"ரெண்டு நாளைக்கு வரச் சொல்லுங்க. சுத்தமா சட்டை போட்டுக்கிட்டு கவுண்டர்ல உக்காந்தா போதும். ஏதாவது குடுத்துடலாம். உங்க பேச்சைக் கேப்பார் இல்லையா?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன? கமிட்டி போயிடும்."

எல்லாக் கல்லூரியிலும் இப்படித்தான் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆய்வு நாளுக்கென்றே வாத்தியார்களை வேறு ஊரிலிருந்து வேனில் கொண்டுவந்து இறக்குகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த மனிதரை இன்னொரு தரம் நான் போய் –

பட்டியலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

29 ஜனவரி, புதன்

ரோகிணியிடம் சொன்னேன். "இந்தத் தடவை என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். இடி மாதிரி இறங்கியது, அவள் குத்தலுக்குக் கேட்கவில்லை என்றாலும்.

வேலை போனால் என்ன செய்வது என்றும் பேசினோம். அவள் சம்பளத்தில் ஒரு வருஷம் ஓட்டலாம் என்றாள்.

30 ஜனவரி, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். தமிழில், நாலே வரி.

"ஏசுபாதம் தற்போது பணியில் இல்லை. என் ஆகஸ்ட் கடிதம் கேலியாக எழுதப்பட்டது. அதன்பேரில் அவரை நீக்கியது தவறு, தவறு என்னுடையது. அவருக்குப் பணித் தொடர்ச்சியோடு எழுத்து மூலம் நியமன ஆணை வழங்காதவரை பட்டியலில் கையெழுத்திட மாட்டேன்."

லதா டைப் அடிக்கும்போது சிரிக்கவில்லை. நானே எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

3 பிப்ரவரி, திங்கள்

கூப்பிட்டார்கள். பிரின்சிபால் அறை. ராஜாராம் நல்ல மனிதர், ஆனால் சண்டை என்றால் ஜன்னலைப் பார்ப்பார். இன்றும் ஜன்னலைப் பார்த்தார். ஹரிஹரன்தான் பேசினார்.

"இது பிளாக்மெயில்."

"ஆமாம் சார்" என்றேன்.

அதை எதிர்பார்க்கவில்லை போல.

"வேற ஆளைக் கையெழுத்துப் போட வைக்கவா?"

"வைங்க சார். கமிட்டி நூலகர் யாருன்னு கேட்டா நான் எழுந்து நிப்பேன்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சின்னப் பிள்ளை மாதிரி.

7 பிப்ரவரி, வெள்ளி

பதில் ஒன்றும் இல்லை.

10 பிப்ரவரி, திங்கள்

எனக்கு மெமோ. ஒழுங்கீனம், சேர்மனுக்குக் கேலிக் கடிதம், இரண்டு வருஷ இன்க்ரிமென்ட் நிறுத்தம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அப்பாடா என்றிருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

லதா ரகசியமாகச் சொன்னாள்: "இன்னொரு ஆர்டரும் அடிச்சு வச்சிருக்கேன் சார். சேர்மன் கையெழுத்துக்குப் போயிருக்கு."

12 பிப்ரவரி, புதன்

ஆணை வந்துவிட்டது. நியமனம், 1991-லிருந்து பணித் தொடர்ச்சி, நிரந்தரம். பதினோரு வருஷம் வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருந்த மனிதருக்கு முதல்முறையாக அவர் பெயர் போட்ட ஒரு காகிதம்.

புதுப்பட்டினம் டெலிபோன் பூத் மூலம் நேற்றே ஞானம்மாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். பத்தரைக்கு ஏசுபாதம் வந்தார். மெலிந்திருக்கிறார். வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு நடக்கிறார். எல்லா விளக்கும் எரிவதை அண்ணாந்து பார்த்தார்.

கவுண்டரில் வைத்து ஆணையைப் பிரித்தேன். ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தேதி, பெயர், பதவி, எந்த வருஷத்திலிருந்து, யார் கையெழுத்து. இரண்டு தரம் சொன்னேன். எந்த வரியைச் சொல்கிறேனோ அந்த வரியில் விரலும் வைத்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்து வந்திருந்தேன், கேட்டேன். அதற்குத் தலையை ஆட்டினார், சரி என்றா வேண்டாம் என்றா, தெரியவில்லை.

"கீழ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க ஏசுபாதம். இன்னிலேர்ந்தே சேந்துக்கலாம்."

காகிதத்தை எடுத்தார். மடிக்காமல், இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். லதாம்மாகிட்டயும் ஒரு வாட்டி காமிச்சிட்டு வந்துடறேன்."

"போய்ட்டு வாங்க" என்றேன்.

இருபது நிமிடம் ஆயிற்று. நான் கவுண்டரிலேயே நின்றிருந்தேன். பிறகு படியேறி வந்தார், முகத்தில் நிம்மதி தெரிந்தது. நான் படித்ததில் ஒரு வரிகூட மாற்றமில்லை என்று லதா சொன்னாளாம். அதை அவரே என்னிடம் சொன்னார், எனக்கு ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தது போல.